ஒரு நாளில் அடைபட்ட சந்தை: நோய்த் தடைக்குப் பிறகு மாட்டிறைச்சி ஏற்றுமதி மீளும் விதம்

2003 டிசம்பர் 23 அன்று, வாஷிங்டன் மாநிலத்தில் ஒரே ஒரு கறவைப் பசுவுக்கு 'மேட் கவ்' எனப்படும் மாட்டு மூளை நோய் இருப்பதாக அமெரிக்க வேளாண் துறை அமைச்சர் ஆன் வெனிமன் அறிவித்தார். மறுநாளே ஜப்பான் அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதியை நிறுத்தியது. தென் கொரியா, மெக்சிகோ, சீனா என்று அடுத்தடுத்துப் பல நாடுகள் முழுமையாகவோ பகுதியாகவோ தடை விதித்தன. அந்தப் பசு கனடாவில் பிறந்து, 2001-ல் எல்லை தாண்டி வாங்கிவரப்பட்டது என்பது விசாரணையில் உறுதியானபோதும் தடை விதித்தவர்கள் மனம் மாறவில்லை. 2003-ல் 380 கோடி டாலரைத் தாண்டியிருந்த அமெரிக்க மாட்டிறைச்சி ஏற்றுமதி, 2004-ல் அதன் கால்பங்கைக்கூட எட்டவில்லை. பழைய மதிப்பைத் திரும்பத் தொட 2010 வரை ஆயிற்று. சீனா தன் சந்தையைத் திறந்தது 2017 ஜூனில்; ஜப்பான் கடைசி வயதுக் கட்டுப்பாட்டை விலக்கியது 2019 மே மாதத்தில்.

ஒரே நாளில் வரும் தடை விலகுவதற்கு ஏன் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன என்ற கேள்விக்கு, நோய் இன்னும் ஒழியவில்லை என்பது பெரும்பாலும் சரியான விடையாக இருப்பதில்லை. இறக்குமதி செய்யும் நாட்டால் இன்னொரு நாட்டின் பண்ணைகளையோ இறைச்சிக்கூடங்களையோ நேரில் நின்று கண்காணிக்க முடியாது. அந்நாட்டுக் கால்நடை மருத்துவர் ஒப்பமிட்டு அனுப்பும் சான்றிதழை நம்பித்தான் அது கொள்முதல் செய்கிறது. தடை வரும்போது உண்மையில் செல்லாமல் போவது அந்த ஒப்பம்தான். அதற்கு மதிப்பு திரும்பும் வரை, நோய் எவ்வளவு விரைவாகக் கட்டுக்குள் வந்திருந்தாலும் வணிகம் திரும்புவதில்லை.

மாட்டிறைச்சிச் சந்தைகளை மூடவைக்கும் நோய்களில் முதன்மையானவை இரண்டு. கோமாரி நோய் ஒரு வைரஸால் வருவது. கால்நடைகளிடையே மிக வேகமாகப் பரவும். ஆனால் இறைச்சி உண்பவருக்கு அதனால் ஆபத்து இல்லை. இறக்குமதி செய்யும் நாடு தன் கால்நடைகளைக் காக்கவே தடை விதிக்கிறது. மூளை நோய் இதற்கு நேர்மாறு. அது மாட்டுக்கு மாடு தொற்றிப் பரவுவதில்லை. நோயுற்ற மாடுகளின் எச்சங்களை அரைத்துச் செய்த இறைச்சி-எலும்புத் தூளைத் தீவனத்தில் கலந்து கொடுத்ததால் பரவியது. நோயுற்ற மாட்டின் இறைச்சியை உண்ட மனிதருக்கு, மருந்தே இல்லாத ஒரு மூளைச் சிதைவு நோய் வரக்கூடும் என்று 1996 மார்ச் 20 அன்று பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. முதல் நோயின் அச்சம் தொழுவத்தைப் பற்றியது. இரண்டாவதின் அச்சம் உணவுத் தட்டைப் பற்றியது. இரண்டிலும் சந்தை மீளும் பாதை வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

மூளை நோய்த் தடை ஒரேயடியாக நீங்குவதில்லை. வயது, எலும்பு, உறுப்பு, இறைச்சிக்கூடம் என்று ஒவ்வொரு கட்டுப்பாடாகத்தான் தளரும். நோயை உண்டாக்கும் பிரியான் என்ற திரிந்த புரதம் மாட்டின் உடலில் மிக மெதுவாகச் சேர்கிறது. நோய் வெளிப்படச் சராசரியாக நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவும் மூளை, தண்டுவடம், கண், சிறுகுடலின் கடைப்பகுதி போன்ற குறிப்பிட்ட சில உறுப்புகளிலேயே பெருமளவு தங்கும். ஆகவே 30 மாதங்களுக்கு உட்பட்ட மாட்டில், ஆபத்தான உறுப்புகளை அகற்றிவிட்டால், எஞ்சும் சதையால் தீங்கு வர வாய்ப்பு மிகமிகக் குறைவு என்ற கணக்குப் பல நாடுகளில் விதியாயிற்று.

ஜப்பான் மட்டும் 20 மாதம் என்று வரம்பு வைத்தது. அதைப் பிடிவாதம் என்று அமெரிக்கத் தரப்பில் பலர் சாடினார்கள். அந்தச் சாடல் முழு நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. 2001 செப்டம்பரில் சிபா மாநிலத்தில் முதல் நோய் மாடு கண்டறியப்பட்டதும், ஜப்பானில் மாட்டிறைச்சி விற்பனை சரிந்தது. அடுத்த மாதமே, வெட்டப்படும் மாடு ஒவ்வொன்றையும் வயது பாராமல் சோதிப்பது என்று அரசு முடிவெடுத்தது. அந்தச் சோதனையில் 2003 இறுதியில் 23 மாத வயதுடைய மாடு ஒன்றும், 21 மாத வயதுடையது ஒன்றும் நோயுள்ளவை என்று அறிவிக்கப்பட்டன. தன் நாட்டு மக்களிடம் 'ஒவ்வொரு மாட்டையும் பார்க்கிறோம்' என்று வாக்குக் கொடுத்த அரசு, வெளிநாட்டு மாட்டுக்கு மட்டும் எளிதில் விலக்கு அளித்துவிட முடியாது. 2005-ல் இளம் மாடுகளுக்குச் சட்டப்படி சோதனை தேவையில்லை என்று விதி தளர்ந்த பிறகும் ஜப்பானிய மாநில அரசுகள் சோதனையைக் கைவிடவில்லை. எல்லா மாநிலங்களும் ஒன்றாக நிறுத்துவது என்ற ஏற்பாடு 2013-ல்தான் கைகூடியது. தாங்கள் முதலில் நிறுத்தினால் தங்கள் மாட்டிறைச்சியை மட்டும் மக்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற தயக்கம் அவர்களிடம் அவ்வளவு ஆழமாக இருந்தது.

இருபது மாத வரம்பு அமெரிக்காவை ஒரு சங்கடத்தில் தள்ளியது. அங்குள்ள பெரும்பாலான மாடுகளுக்குப் பிறந்த தேதிப் பதிவே கிடையாது. முப்பது மாதத்தைப் பல்லைப் பார்த்து ஓரளவு கணிக்கலாம். இருபது மாதத்தைப் பல்லால் சொல்ல முடியாது. கடைசியில், வெட்டிய உடலின் எலும்பும் குருத்தெலும்பும் எவ்வளவு முதிர்ந்திருக்கின்றன என்று பார்த்துத் தரம்பிரிக்கும் பழைய முறையையே வயதுச் சான்றாக ஏற்குமாறு அமெரிக்கா கேட்டது. நீண்ட ஆய்வுக்குப் பிறகு ஜப்பானிய நிபுணர்கள் இசைந்தார்கள். வயதை நிறுவ முடியாத மாடுகள், எவ்வளவு நலமாக இருந்தாலும், அந்தச் சந்தைக்கு வெளியே நின்றன.

இடையில் கான்சாஸ் மாநிலத்து இறைச்சி நிறுவனம் ஒன்று, தன் செலவில் ஒவ்வொரு மாட்டையும் சோதித்து ஜப்பானுக்கு அனுப்ப 2004-ல் அனுமதி கேட்டது. வேளாண் துறை மறுத்தது. அறிகுறிகள் தோன்றுவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் இச்சோதனையால் நோயைக் காண முடியும் என்பதால், இளம் மாட்டில் 'நோய் இல்லை' என்ற முடிவு எதையும் நிரூபிக்காது என்பது துறையின் வாதம். வழக்கு நீதிமன்றம் சென்று, 2008-ல் மேல்முறையீட்டில் துறைக்கே சாதகமாக முடிந்தது. துறையின் அறிவியல் சரியானது; ஆனால் கேட்கும் வாடிக்கையாளருக்கு விற்பவர் தம் செலவில் கொடுக்க முன்வந்த ஓர் உறுதியைத் தடுத்தது தேவைதானா என்ற கேள்வி இன்றும் எஞ்சியிருக்கிறது. நாடு முழுவதும் அதன்பின் சோதிக்கப்பட்ட ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளில் நோய் கண்டவை இரண்டுதான் என்ற செய்தி நிபுணர்களுக்குப் போதுமானதாக இருந்தது. கடையில் நின்று இறைச்சி வாங்குபவரை அது சென்றடையவே இல்லை.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2005 டிசம்பரில் ஜப்பான் தன் சந்தையைத் திறந்தது. 2006 ஜனவரி 20 அன்று, நரிதா விமான நிலையத்தில், நியூயார்க்கிலிருந்து வந்த கன்றிறைச்சிப் பெட்டிகளைப் பரிசோதகர்கள் பிரித்தபோது, சிலவற்றில் முதுகெலும்பு ஒட்டிய துண்டுகள் இருந்தன. முதுகெலும்பு கூடாது என்பது ஒப்பந்தத்தின் தெளிவான நிபந்தனை. அன்றே சந்தை மீண்டும் அடைபட்டது. மறுபடி திறக்க ஜூலை இறுதி ஆயிற்று.

இந்த ஒரு நிகழ்வைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. அவை இளங்கன்றுகள், அந்த வயதில் முதுகெலும்பில் ஆபத்து இருக்க வழியில்லை. அமெரிக்கச் சட்டப்படி அந்த எலும்பு தடைசெய்யப்பட்ட உறுப்பும் அல்ல. உள்நாட்டுக் கடையில் அதைத் தாராளமாக விற்கலாம். ஆகவே வெட்டியவரும், பெட்டியில் அடுக்கியவரும், சான்றிதழில் ஒப்பமிட்ட அரசுப் பரிசோதகரும் தங்கள் வழக்கமான வேலையைத்தான் செய்தார்கள். ஜப்பானுக்கென்று தனி நிபந்தனை இருப்பதை அந்தச் சங்கிலியில் யாரும் பொருட்படுத்தவில்லை. உடல்நலத்துக்கு எந்தக் கேடும் விளைவிக்காத அந்தத் தவறு, இரண்டு ஆண்டு உழைப்பைக் குலைத்தது. ஏனெனில் ஜப்பானிய அரசு தன் மக்களிடம் 'அவர்களுடைய பரிசோதனையை நாங்கள் பார்த்துவிட்டோம், நம்பலாம்' என்று அப்போதுதான் சொல்லியிருந்தது. சந்தையை மீட்க விரும்பும் எந்த நாடும் முதலில் கவனிக்க வேண்டிய இடம் ஆய்வகத்தைவிட இறைச்சிக்கூடத்தின் பெட்டி கட்டும் மேசைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

தென் கொரியாவின் கதை இன்னும் கடுமையானது. 30 மாதத்துக்கு உட்பட்ட, எலும்பு நீக்கிய இறைச்சிக்கு மட்டும் 2006 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. எலும்பே இல்லாமல் என்ற நிபந்தனையைக் கொரிய அதிகாரிகள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, வந்த பெட்டிகளை எக்ஸ்ரே கருவியில் செலுத்திப் பார்த்தார்கள்; முதல் சரக்கில் ஒரே ஒரு சிறிய எலும்புத் துணுக்கு கிடைத்ததும் சரக்கு முழுவதையும் திருப்பியனுப்பினார்கள். அடுத்து வந்தவற்றுக்கும் அதே கதிதான். பிறகு 2008 ஏப்ரல் 18 அன்று, அதிபர் லீ மியுங்-பாக் அமெரிக்க அதிபரைச் சந்திப்பதற்கு முதல் நாள், ஏறக்குறைய எல்லாக் கட்டுப்பாடுகளையும் தளர்த்தும் உடன்பாடு திடீரென்று அறிவிக்கப்பட்டது. மே, ஜூன் மாதங்களில் சோல் நகரத் தெருக்களில் மெழுகுவத்தி ஏந்தி மக்கள் இரவிரவாகத் திரண்டார்கள். பள்ளி மாணவிகள் தொடங்கி, கைக்குழந்தையுடன் வந்த தாய்மார்கள் வரை அதில் இருந்தார்கள். அதிபர் இருமுறை மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அமைச்சரவை பதவி விலக முன்வந்தது. கடைசியில், 30 மாதத்தைத் தாண்டிய மாட்டின் இறைச்சியை அனுப்புவதில்லை என்று அமெரிக்க ஏற்றுமதியாளர்கள் தாங்களாகவே ஒப்புக்கொள்ளும் ஏற்பாட்டுடன் விவகாரம் தணிந்தது.

அந்தப் போராட்டத்தில் பரவிய அச்சங்களில் பல மிகைப்படுத்தப்பட்டவை என்பது உண்மை. ஆனால் மக்களின் கோபத்துக்கு அறியாமை மட்டுமே காரணம் என்று சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. தங்கள் பிள்ளைகளின் உணவைப் பற்றிய முடிவு, ஆய்வும் விவாதமும் இன்றி, ஒரு வணிக ஒப்பந்தத்துக்கான விலையாக எடுக்கப்பட்டது என்றுதான் அவர்கள் உணர்ந்தார்கள். இன்று தென் கொரியா அமெரிக்க மாட்டிறைச்சியின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்று. அந்நிலைக்கு அது படிப்படியாக வந்தது. வயது வரம்பு என்ற அந்த ஒரு பிடி மக்கள் கையில் இருந்ததால்தான் வர முடிந்தது என்றே நான் கருதுகிறேன்.

சந்தை அடைபட்ட காலத்தில் ஏற்படும் நட்டத்தை வெறும் டன் கணக்கில் அளந்தால் பாதிதான் தெரியும். ஒரு மாட்டின் எல்லாப் பாகங்களுக்கும் எல்லா நாட்டிலும் ஒரே விலை இல்லை. அமெரிக்காவில் அதிகம் விலைபோகாத நாக்கும், கொழுப்பு ஊடோடிய வயிற்றுப் பக்கச் சதையும் ஜப்பானில் விரும்பி வாங்கப்படுபவை. அந்தச் சந்தை போனால், அந்தப் பாகங்கள் உள்நாட்டில் அரைத்த இறைச்சியோடு சேர்ந்து மலிவாகப் போகும். ஒவ்வொரு மாட்டின் மொத்த மதிப்பும் அந்த அளவுக்குக் குறையும். வாங்கும் பக்கத்திலும் இழப்பு உண்டு. அமெரிக்க வயிற்றுச் சதையை நம்பி மாட்டிறைச்சிச் சோறு விற்றுவந்த யோஷினோயா என்ற ஜப்பானிய உணவகத் தொடர், 2004 பிப்ரவரியில் தன் பெயர்பெற்ற அந்த உணவையே நிறுத்திவிட்டு, 2006 செப்டம்பரில்தான் அதை மீண்டும் பரிமாறத் தொடங்கியது. இதற்கிடையே ஜப்பானின் கடை அடுக்குகளை ஆஸ்திரேலியா நிரப்பிவிட்டது. தடை நீங்கிய பிறகு அமெரிக்கா மீட்க வேண்டியிருந்தது அனுமதியை மட்டும் அல்ல. வேறு இறைச்சிக்குப் பழகிவிட்ட வாடிக்கையாளரையும்தான்.

சர்வதேச விதிகள் இதில் எவ்வளவு உதவுகின்றன? பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட உலக விலங்குகள் சுகாதார அமைப்பு, மூளை நோயைப் பொறுத்து நாடுகளைப் 'புறக்கணிக்கத்தக்க ஆபத்து', 'கட்டுக்குள் உள்ள ஆபத்து', 'தீர்மானிக்கப்படாத ஆபத்து' என்று மூன்றாக வகைப்படுத்துகிறது. அமெரிக்கா 2007 மே மாதத்தில் இரண்டாம் வகையிலும் 2013 மே மாதத்தில் முதல் வகையிலும் இடம்பெற்றது. உலக வர்த்தக அமைப்பின் 1995-ஆம் ஆண்டு ஒப்பந்தமோ, உணவு மற்றும் கால்நடைப் பாதுகாப்புக்கான தடைகள் அறிவியல் சான்றின் அடிப்படையில் அமைய வேண்டும் என்கிறது. ஆனால் வகைப்பாடு வந்த மறுநாள் யாரும் கதவைத் திறந்ததில்லை. வழக்குகளும் மெதுவாகவே நகரும். கோமாரி நோய்க்காக 2001-ல் அர்ஜென்டினாவின் பச்சை இறைச்சிக்கு அமெரிக்கா தடை விதித்தது. உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு 2015 ஜூலையில் அர்ஜென்டினாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சந்தை நடைமுறையில் திறந்தது 2018 இறுதியில். தன் மாட்டிறைச்சியை ஏற்கத் தயங்கும் ஜப்பானிடம் அறிவியலைக் காட்டி வாதாடிய அதே அமெரிக்கா, அதே ஆண்டுகளில் அர்ஜென்டினாவிடம் தயங்கி நின்றது.

நடைமுறையில் மீட்பு என்பது அலுவலகங்களில் நடக்கும் பொறுமையான வேலை. நூற்றுக்கணக்கான கேள்விகள் கொண்ட படிவத்துக்குப் பதில் அனுப்ப வேண்டும். வாங்கும் நாட்டின் குழு வந்து பண்ணை, தீவன ஆலை, ஆய்வகம், இறைச்சிக்கூடம் என்று சுற்றிப் பார்க்கும். ஆபத்து மதிப்பீடு எழுதப்படும். சான்றிதழின் வாசகம் சொல்லுக்குச் சொல் பேசி முடிக்கப்படும். பிறகு தகுதிபெற்ற இறைச்சிக்கூடங்களின் பட்டியல் வரும். எந்த ஒரு படியில் வாங்கும் நாடு வேகத்தைக் குறைத்தாலும் அதைக் குற்றம் என்று நிரூபிப்பது கடினம். உள்நாட்டுப் பண்ணையாளர்களைப் போட்டியிலிருந்து காக்க நினைக்கும் அரசுகள் இந்தத் தாமதத்தை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன.

மூளை நோய் உலகில் முதலில் கண்டறியப்பட்ட பிரிட்டனுக்கே மிக நீண்ட காத்திருப்பு வாய்த்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் அங்கே நோயுற்றன. 1996 மார்ச் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் ஏற்றுமதியை உலகம் முழுமைக்குமே தடைசெய்தது. 1999 ஆகஸ்டில், குறிப்பிட்ட தேதிக்குப் பின் பிறந்த மாடுகளின் எலும்பு நீக்கிய இறைச்சிக்கு மட்டும் வழி திறந்தது. அப்போதும் பிரான்ஸ் மறுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2001 டிசம்பரில் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்த பிறகும் 2002 அக்டோபர் வரை தாமதித்தது. ஒன்றியத்தின் தடை முழுதாக விலகியது 2006 மே மாதத்தில். அமெரிக்காவுக்குப் பிரிட்டிஷ் மாட்டிறைச்சி மீண்டும் கப்பலேறியது 2020 செப்டம்பர் இறுதியில்.

கோமாரி நோயில் கணக்கு வேறு. வைரஸ் இருக்கும் இடத்தை வரையறுத்துச் சுற்றி வளைக்க முடியும் என்பதால், நாடு முழுவதையும் தடைசெய்யாமல் நோயுள்ள வட்டாரத்தை மட்டும் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு இங்கே சாத்தியம். 2025 ஜனவரியில் ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத்தில் எருமைகளுக்கு இந்நோய் கண்டபோது, 1988-க்குப் பிறகு அந்நாட்டில் முதன்முறை என்பதால், பல நாடுகள் ஜெர்மனி முழுவதற்கும் தடை விதித்தன. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் நோய் வட்டாரம் தனியே பிரித்து அங்கீகரிக்கப்பட, நாட்டின் பெரும்பகுதி நோயற்ற தகுதியை மீட்டது. ஏப்ரலில் முழு நாடும் மீட்டது. ஆனால் தகுதி மீண்டது என்பதும் ஒவ்வொரு நாடும் அதை ஏற்றது என்பதும் ஒன்றல்ல.

கோமாரியில் மனதைக் கனக்கச் செய்யும் முடிவு தடுப்பூசி பற்றியது. நோய்த்தொற்று உள்ள மந்தைகளைக் கொன்று அகற்றினால் மூன்று மாதத்தில் நோயற்ற தகுதி கேட்கலாம். அவசரத் தடுப்பூசி போட்டு அந்த மாடுகளை உயிரோடு வைத்திருந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அந்த மூன்று மாத வித்தியாசத்துக்காகத் தடுப்பூசி போட்ட நலமான மாடுகளையும் பிறகு கொன்ற அரசுகள் உண்டு. 2001-ல் நெதர்லாந்தும், 2010-ல் மியாசாகி மாநிலத்தில் ஜப்பானும் அப்படித்தான் செய்தன. மியாசாகியில் கொல்லப்பட்ட கால்நடைகள் மூன்று லட்சத்தை நெருங்கின. தடுப்பூசியால் வந்த எதிர்ப்புரதத்தையும் உண்மையான தொற்றால் வந்ததையும் பிரித்துக் காட்டும் சோதனைகள் இன்று இருக்கையில், இந்தக் காத்திருப்பு விதியைச் சுருக்குவது வணிகத்துக்கும் விலங்குக்கும் நல்லது.

இன்னொரு வழியும் உண்டு. வெட்டிய மாட்டின் சதையைக் குறிப்பிட்ட குளிர்நிலையில் ஒரு நாளுக்கு மேல் தொங்கவிட்டால், அதில் இயல்பாக லாக்டிக் அமிலம் ஊறி, பிஎச் அளவு 6-க்குக் கீழே இறங்கும்; அந்தப் புளிப்பில் கோமாரி வைரஸ் பிழைக்காது. எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் மட்டும் அது தப்பியிருக்கும் என்பதால் அவற்றை நீக்கிவிட வேண்டும். 2001-ல் கடுமையாகத் தாக்கப்பட்ட உருகுவே, தடுப்பூசியைக் கைவிடாமலேயே, இந்த முறையில் பதப்படுத்திய எலும்பில்லா இறைச்சியுடன் 2003-ல் அமெரிக்கச் சந்தையில் மீண்டும் நுழைந்தது. அதோடு நிற்காமல், 2006 முதல் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் காதில் இரு வில்லைகள், அவற்றில் ஒன்று மின்னணு வில்லை, அரசே வழங்குவது கட்டாயம் என்று சட்டம் செய்தது. 2017-ல் சீனா திறந்தபோது பிறந்த பண்ணை வரை தடமறிய முடிகிற மாடுகளை மட்டுமே ஏற்பதாகச் சொன்னதும், அப்படிப் பதிவில்லாத அமெரிக்க மாடுகளில் பெரும்பாலானவை விலகி நிற்க நேர்ந்ததை வைத்துப் பார்த்தால், அந்தச் சிறிய நாட்டின் முன்யோசனை விளங்கும்.

அண்மை ஆண்டுகளில் தடைக்காலம் சுருங்கிவருவதைச் சீனச் சந்தையிலேயே காணலாம். வயதான மாடுகளில் தீவனத் தொடர்பின்றித் தானாகத் தோன்றும் அரிய வகை மூளை நோய் ஒன்று உண்டு; எவ்வளவு கவனமான நாட்டிலும் அது எப்போதாவது தலைகாட்டும். பிரேசிலில் அத்தகைய நோய் தெரிந்தவுடன் அந்நாடே சீனாவுக்கான ஏற்றுமதியை நிறுத்திவைக்க வேண்டும் என்பது இரு நாடுகளின் முன்னேற்பாடு. 2021 செப்டம்பரில் பிரேசில் அப்படி நிறுத்தியபோது மீண்டும் தொடங்க டிசம்பர் நடுப்பகுதி ஆயிற்று; 2023 பிப்ரவரியில் பாரா மாநிலத்தில் ஒரு மாட்டுக்கு வந்தபோது ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிந்தது. அயர்லாந்து 2020 மே மாதத்தில் இதே காரணத்துக்காகத் தானே நிறுத்திக்கொண்டு, 2023 ஜனவரி வரை காத்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு மாட்டுக்கு நோய் தெரிந்து மறுபடி நிறுத்தியபோது, 2024 ஜனவரியிலேயே அதன் இறைச்சி சீனாவுக்குச் செல்லத் தொடங்கியது. நோய் அதேதான், சந்தையும் அதேதான். முதல் முறை அளித்த ஆவணங்களும், காட்டிய பண்ணைகளும், தகவலை மறைக்காமல் உடனே தெரிவித்த பழக்கமும் இரண்டாம் முறை ஏற்கெனவே கைவசம் இருந்தன.